காதலிக்கத் தடை, பாட்டுக்குத் தடையில்லை: ஐடல் அனிமே பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

நருட்டோ, டெத் நோட், அட்டாக் ஆன் டைட்டன் மாதிரியான அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர்களை எல்லாம் பார்த்து முடித்துவிட்டு அடுத்தது என்ன என்று தேடும்போது, பளபளக்கும் உடுப்பில் ஏழெட்டுப் பையன்கள் மைக்கோடு நிற்கும் ஒரு போஸ்டர் கண்ணில் படும், உடனே விரல் அதைத் தாண்டிப் போய்விடும். "இது நமக்கானது இல்லை" என்ற எண்ணம்தான் காரணம். ஐடல் அனிமே, அதிலும் காதல் கலந்த ஐடல் அனிமே, எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் அது தரும் சந்தோஷம் வேறு எந்த வகையிலும் கிடைக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால் ஒரே ஒரு தொடரை எடுத்துக்கொண்டு அடிப்படையிலிருந்து சொல்கிறேன். தொடரின் பெயர் 'உதா நோ பிரின்ஸ்-சாமா: மாஜி லவ் 1000%'. ரசிகர்கள் சுருக்கி 'உதாப்ரி' என்பார்கள். 2011 ஜூலையில் தொடங்கி செப்டம்பரில் முடிந்த 13 எபிசோடுகள், மொத்தமாக ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல், ஒரு வார இறுதிக்குச் சரியான அளவு.

முதலில் ஐடல் என்றால் யார்? பாடுவார், ஆடுவார், டிவி நிகழ்ச்சியில் வந்து சிரிப்பார், விளம்பரத்தில் நடிப்பார். ஆனால் அவரைப் பாடகர் என்று மட்டும் சொல்லி முடிக்க முடியாது. பாடகரிடம் நாம் எதிர்பார்ப்பது நல்ல பாட்டு. ஐடலிடம் ரசிகர் எதிர்பார்ப்பது அந்த ஆளின் வளர்ச்சியை. இன்னும் முழுதாகத் தேறாத ஒரு பையனோ பெண்ணோ மேடை ஏறி, தடுமாறி, கற்றுக்கொண்டு, கண்முன்னே பெரிய ஆளாகும் அந்தப் பாதைதான் விற்பனைக்கு வைக்கப்படும் பொருள். ஜப்பானில் 1971ல் தொடங்கிய 'ஸ்டார் தஞ்ஜோ' என்ற டிவி தேர்வு நிகழ்ச்சி இதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. பிற்காலத்தில் மாபெரும் நட்சத்திரமான யமகுச்சி மொமோயே அந்த மேடையிலிருந்து வந்தவர்தான், 1973ல் முதல் பாட்டு வெளியானபோது அவருக்கு வயது 14. 1997ல் உருவான மார்னிங் முசுமே குழுவின் கதை இன்னும் சுவையானது. ஒரு டிவி தேர்வில் தோற்றுப்போன ஐந்து பெண்களைச் சேர்த்து, ஐந்து நாளில் 50,000 குறுந்தட்டுகளை நேரில் விற்றுக் காட்டினால் அறிமுகம் உண்டு என்று சவால் விட்டார்கள், அவர்கள் விற்றும் காட்டினார்கள். தோற்றவர்கள் ஜெயிப்பதைப் பார்க்க மக்கள் வரிசையில் நின்றார்கள் என்பதைக் கவனியுங்கள். ஐடல் அனிமே எல்லாமே பெரும்பாலும் 'ஐடல் ஆகத் துடிப்பவர்கள்' பற்றியதாக இருப்பதற்கும் இதுதான் காரணம். ஏற்கெனவே ஜெயித்தவரிடம் கதை கம்மி.

இந்த உலகத்தில் எழுதப்பட்டும் எழுதப்படாமலும் ஒரு விதி இருக்கிறது: ஐடல் காதலிக்கக் கூடாது. ரசிகரின் அன்பு எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும், அதில் தனியாக ஒருவர் வந்து நின்றால் வியாபாரம் கெட்டுவிடும் என்ற கணக்கு. நிஜ வாழ்க்கையில் இது கொடூரமான விதி. 2013ல் ஏகேபி48 என்ற பெண் ஐடல் குழுவைச் சேர்ந்த ஒரு பெண், ஒரு வாரப் பத்திரிகையில் அவருடைய காதல் பற்றிச் செய்தி வந்ததும், தலையை மொட்டையடித்துக்கொண்டு யூடியூபில் அழுது மன்னிப்புக் கேட்டார். உலகமே அதிர்ந்தது. டோக்கியோ நீதிமன்றம் 2015ல் ஒரு வழக்கில், விதியை மீறிய ஐடல் நிறுவனத்துக்கு இழப்பீடு தர வேண்டும் என்றது. அடுத்த ஆண்டே வேறொரு வழக்கில், ஒருவர் காதலிப்பது அவர் மகிழ்ச்சியைத் தேடும் சுதந்திரத்தின் பகுதி என்ற வகையில் பேசி நிறுவனத்தின் கோரிக்கையைத் தள்ளியது. இரண்டாவது தீர்ப்புதான் நியாயமானது, அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை.

ஆனால் கதை சொல்பவருக்கு இந்த விதி ஒரு வரம். யோசித்துப் பாருங்கள், எந்தக் காதல் கதைக்கும் ஒரு தடை வேண்டும். சாதி, பணம், குடும்பப் பகை, நோய் என்று எதை வைத்தாலும் கதை கனத்துப்போகும். "காதலித்தால் பள்ளியை விட்டு வெளியே போ" என்ற தடை மட்டும்தான் கனமே இல்லாத தடை. யாரும் சாக மாட்டார்கள், யாரும் வெட்டிக்கொள்ள மாட்டார்கள், ஆனாலும் ஒவ்வொரு பார்வைக்கும் ஒரு பதற்றம் இருக்கும். உதாப்ரி இந்த ஒரு விதியின் மேல்தான் முழு வீட்டையும் கட்டியிருக்கிறது.

கதை இதுதான். ஹருகா நனாமி என்ற பெண், பாட்டி வீட்டில் பியானோவோடு வளர்ந்தவள். பெருநகரக் கூட்டத்தில் மூச்சு முட்டி நின்ற ஒரு நாளில், பெரிய திரையில் ஹயாத்தோ என்ற ஐடல் பாடுவதைக் கேட்டு மனம் தேறி, இவருக்கு ஒருநாள் ஒரு பாட்டு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று முடிவெடுக்கிறாள். அவள் ஐடல் ஆக வரவில்லை, இசையமைப்பாளர் ஆக வருகிறாள், இதை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும். சேரும் இடம் சாவோத்தோமே அகாடமி. ஐடல்களையும் இசையமைப்பாளர்களையும் உருவாக்கும் பள்ளி. ஒரு ஐடல் மாணவரும் ஒரு இசையமைப்பு மாணவரும் ஜோடி சேர்ந்து படிப்பு முடியும்போது தேர்வு மேடையில் பாட்டோடு நிற்க வேண்டும், ஜெயித்தால் பள்ளி முதல்வரின் சொந்த நிறுவனத்தில் இடம். ஜோடியாக உழைக்க வேண்டும், பாட்டு பிறக்கும் அளவுக்கு மனம் விட்டுப் பேச வேண்டும், ஆனால் காதலிக்கக் கூடாது! இப்படி ஒரு விதியை வைத்துவிட்டு ஆணும் பெண்ணுமாக ஜோடி சேர்த்தால் என்ன நடக்கும் என்று தெரியாதவர் அந்தப் பள்ளியில் யாருமே இல்லை.

அந்த முதல்வர் பெயர் ஷைனிங் சாவோத்தோமே. எங்கிருந்து எப்படி வந்து குதிப்பார் என்று சொல்ல முடியாத மனிதர், பாதி வாக்கியத்தில் குரலை மலை உச்சிக்கு ஏற்றிப் பாதாளத்தில் இறக்குவார். குரல் கொடுத்தவர் வகமோத்தோ நோரியோ, டிராகன் பால் ஸீயில் செல் என்ற வில்லனுக்குக் குரல் கொடுத்தவர், அதே கம்பீரத்தை இங்கே முழுக்க முழுக்கக் கூத்துக்குப் பயன்படுத்துகிறார். வகுப்பாசிரியர் ஒருவர் பெண் வேடத்தில் புகழ்பெற்ற ஆண் ஐடல். இன்னொருவர் சண்டைத் தொடரில் நாயகனாக நடிப்பவர். இந்தப் பள்ளியில் யதார்த்தத்தைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். பாடும்போது வானத்தில் பறப்பார்கள், நட்சத்திரம் கொட்டும், ஒரு கறுப்புப் பூனை உண்மையில் சாபம் பெற்ற வெளிநாட்டு இளவரசன் என்பார்கள். தலையாட்டிக்கொண்டு ஏற்றுக்கொள்ளுங்கள். மனதில் உள்ளது நிஜமாக இருந்தால் போதும், மற்றதெல்லாம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி என்பதுதான் இந்தத் தொடரின் கொள்கை.

இனி பையன்கள். முதல் சீசனில் ஆறு பேர். ஒடோயா இட்டோக்கி கள்ளமில்லாமல் சிரிக்கும் கிட்டார்க்காரன், பெற்றோர் இல்லாமல் வளர்ந்தவன். மசாத்தோ ஹிஜிரிகாவா பெரும் தொழில் குடும்பத்தின் வாரிசு, அளந்து பேசுபவன். ரென் ஜிங்குஜி அதற்குப் போட்டியான குடும்பத்தின் மூன்றாவது மகன், எல்லாப் பெண்களிடமும் தேன் ஒழுகப் பேசுபவன், அப்புறம் விடுதியில் மசாத்தோவும் இவனும் ஒரே அறை. நட்சுகி ஷினோமியா உயரமானவன், சாது, அழகான குட்டிப் பொருள் எதைக் கண்டாலும் கட்டிப்பிடிப்பவன், சமைத்தால் சாப்பிடுகிறவர் பாடு திண்டாட்டம், கண்ணாடியைக் கழற்றிவிட்டால் வேறு ஆளாகவே மாறிவிடுவான். அவன் அறைத்தோழன் ஷோ குருசு, குள்ளம், வீரம் பேசுவான், உயரம் என்றால் பயம். கடைசியாகத் தோக்கியா இச்சினோசே, ஹருகா வணங்கும் ஹயாத்தோவின் முகத்தை அப்படியே உரித்து வைத்திருப்பவன், கேட்டால் நாங்கள் இரட்டையர் என்பான். தொடர் இந்த ரகசியத்தை ரொம்ப நாள் காக்க முயற்சிப்பதில்லை, நீங்களும் முதல் பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள். ஆனால் டிவியில் எப்போதும் சிரிக்க வைக்கப்பட்ட ஒருவன் தன் சொந்தக் குரலில் பாட ஆசைப்பட்டு, ஏற்கெனவே பிரபலமாக இருந்தும், அடிமட்டத்திலிருந்து மாணவனாக வந்து உட்கார்ந்திருக்கிறான் என்பது இந்த விளையாட்டுத்தனமான தொடரில் இருக்கும் மிக நல்ல கரு. எனக்குத் தோக்கியாதான். கேட்கவே வேண்டாம்.

ஒரு பெண், சுற்றிலும் ஆறு பையன்கள், ஆறு பேருக்கும் அவள்மேல் பிரியம். "இது என்ன நியாயம், ஒருத்தியை எல்லோரும் ஏன் விரும்ப வேண்டும்" என்று புதிதாகப் பார்ப்பவர்கள் முதல் இரண்டு எபிசோடிலேயே கேட்பார்கள். இந்தத் தொடர் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் பதில் கிடைத்துவிடும். உதாப்ரி முதலில் ஒரு வீடியோ கேம். ப்ரோக்கோலி என்ற நிறுவனம் 2010 ஜூனில் பிஎஸ்பி என்ற கையடக்க விளையாட்டுக் கருவிக்காக வெளியிட்டது. பெண்களை மனதில் வைத்துச் செய்யப்படும் இத்தகைய காதல் விளையாட்டுகளுக்கு ஜப்பானில் ஒட்டோமே கேம் என்று பெயர், 1994ல் கோயெய் நிறுவனத்தில் பெண்களே சேர்ந்து உருவாக்கிய 'ஏஞ்சலீக்' தான் இந்த வகைக்கு முன்னோடி. விளையாட்டில் நீங்கள்தான் ஹருகா. ஒடோயாவைத் தேர்ந்தெடுத்தால் அவனோடு ஒரு முழுக் கதை, மசாத்தோ என்றால் இன்னொரு முழுக் கதை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முடிவு. ஒரு கதையில் மற்ற ஐந்து பேரும் நண்பர்கள் மட்டுமே, யாருக்கும் யாரோடும் தகராறு இல்லை.

அனிமேயாக எடுக்கும்போது சிக்கல் வருகிறது. 13 எபிசோடில் ஒரே ஒரு கதைதான் சொல்ல முடியும். ஹருகா ஒடோயாவைத் தேர்ந்தெடுத்தால் மற்ற ஐந்து பேரின் ரசிகைகள் மனம் உடைவார்கள். ஆகவே அவள் யாரையும் தேர்ந்தெடுக்கக் கூடாது, ஆனால் எல்லோருடைய கதையும் நகர வேண்டும். இங்கேதான் அந்தப் பள்ளி விதி கைகொடுக்கிறது. 'காதலிக்கக் கூடாது' என்று இருப்பதால், ஆறு பேரும் மனதில் உள்ளதை வாய்விட்டுச் சொல்லாமல் இருப்பதற்கு நம்பும்படியான காரணம் கிடைத்துவிடுகிறது. சொல்ல முடியாதது எங்கே போகும்? பாட்டுக்குள் போகும்.

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். உதாப்ரியில் காதல் காட்சி என்று தனியாகத் தேடாதீர்கள், பாட்டுகள்தான் காதல் காட்சிகள். நம் சினிமாவில் டூயட் வரும்போது நாயகனும் நாயகியும் பெரும்பாலும் ஏற்கெனவே மனம் ஒன்றியிருப்பார்கள், பாட்டு அதைக் கொண்டாடும். இங்கே பாட்டு முடியும்வரை எதுவுமே உறுதியில்லை, பாட்டுக்குள்தான் அது நடக்கிறது. இன்னும் நுணுக்கமாகப் பாருங்கள்: மெட்டு ஹருகாவுடையது, வரிகள் பாடுகிறவனுடையவை. அவள் ஒருவனைக் கூர்ந்து கவனித்து, அவன் யாரிடமும் காட்டாத ஒரு பக்கத்தைப் புரிந்துகொண்டு அதை மெட்டாகத் தருகிறாள். "நீ என்னை இப்படிப் பார்க்கிறாயா" என்று அவன் திகைத்து, அந்த மெட்டுக்கு வார்த்தை வைத்துத் திருப்பிப் பாடுகிறான். ஒரு கடிதத்தின் பாதியை அவள் எழுதி அனுப்ப, மீதியை அவன் எழுதி முடிக்கிற மாதிரி. தொடுதல் இல்லை, முத்தம் இல்லை, ஆனால் இதைவிட நெருக்கமாக இரண்டு பேர் என்ன செய்துவிட முடியும்?

ரென் வரும் எபிசோடைப் பொறுமையாகப் பாருங்கள். பாடல் வரிகளை எழுதிக் கொடுக்காவிட்டால் பள்ளியை விட்டுப் போக வேண்டும் என்ற நிலை அவனுக்கு. எழுத முடியாததால் இல்லை, எதிலும் மனம் ஒட்டாததால் எழுதவில்லை. வீட்டில் மூன்றாவது மகன், யாருக்கும் அவசியமில்லாதவன், பள்ளிக்கு வந்ததும் அவன் ஆசையால் இல்லை. அத்தனை பெண்களிடமும் இனிக்க இனிக்கப் பேசியவன், தன் வார்த்தையைத் தேடி ஒருத்தி நிஜமாகவே அலைவதைப் பார்த்ததும் பேச்சிழந்து நிற்கிறான். அப்புறம் வரும் பாட்டில் அதே ஆள், அதே கவர்ச்சி, ஆனால் முதல்முறையாகத் தான் சொல்வதை உணர்ந்து பாடுகிறான். ஹருகாவை அவன் 'லேடி' என்று கூப்பிடுவது ஆரம்பத்தில் நடிப்பாகக் கேட்கும், பிறகும் அதே சொல்தான், குரல் மட்டும் மாறிவிடும். சப்டைட்டிலை மட்டும் படித்துக்கொண்டு போனால் இது தவறிவிடும், காதைத் திறந்து வையுங்கள்.

குரல் என்றதும் குரல் நடிகர்களைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. நீங்கள் வேறு அனிமே பார்த்துவிட்டு வருகிறவர் என்றால் இவர்கள் எல்லோரும் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவர்கள். தோக்கியாவுக்குக் குரல் கொடுத்த மியானோ மமோரு தான் டெத் நோட்டின் லைட் யகாமி. ரென்னுக்குக் குரல் சுவாபே ஜுனிச்சி, ஜுஜுட்சு கைசெனில் சுகுனாவாக மிரட்டுபவர். ஷோவுக்குக் குரல் ஷிமோனோ ஹிரோ, டீமன் ஸ்லேயரில் அழுது கத்தும் ஜெனிட்சு அவர்தான். நட்சுகியின் குரல் தனியாமா கிஷோ, அட்டாக் ஆன் டைட்டனின் ஜான். மசாத்தோ பேசுவது சுசுமுரா கெனிச்சியின் குரலில், கின்டாமா பார்த்தவர்களுக்கு ஒகித்தா சோகோவாகத் தெரிந்திருக்கும். ஒடோயா தெராஷிமா தகுமா. ஹருகாவாகப் பேசும் சவாஷிரோ மியுகி, 2011ல் வந்த ஹண்டர் ஹண்டரில் குரபிக்கா. பின்னணிப் பாடகர் என்று வேறு யாரும் இல்லை, பேசுகிறவரே பாடுகிறார், அதுவும் தன் குரலில் இல்லை, அந்தக் கதாபாத்திரத்தின் குரலில். தனியாமா கிரான்ரோடியோ என்ற ராக் குழுவின் பாடகர், அவர் நினைத்தால் கூரை அதிர வைக்க முடியும், ஆனால் நட்சுகியாகப் பாடும்போது அந்த மென்மையை விட்டுக் கொடுப்பதே இல்லை. கண்ணாடி கழன்றதும்தான் வேறு குரல் வெளியே வரும். குரலை இப்படி ஆள்வது எவ்வளவு பெரிய திறமை என்று இந்தத் தொடரைப் பார்த்த பிறகுதான் பலருக்கும் உறைக்கும்.

இசை எலிமெண்ட்ஸ் கார்டன் குழுவினுடையது, அதன் தலைவர் அகெமாட்சு நோரியாசு. ஒவ்வொரு பையனுக்கும் தனி வண்ணமும் உண்டு, ஒடோயா சிவப்பு, மசாத்தோ நீலம், நட்சுகி மஞ்சள், தோக்கியா ஊதா, ரென் ஆரஞ்சு, ஷோ இளஞ்சிவப்பு. அலங்காரத்துக்கு என்று நினைத்துவிடாதீர்கள். நிகழ்ச்சிகளில் ரசிகைகள் கையில் பிடித்திருக்கும் ஒளிக்குச்சியின் நிறத்தைப் பார்த்தே யார் யாருடைய ஆள் என்று சொல்லிவிடலாம். குரல் நடிகர்களே சைத்தாமா சூப்பர் அரங்கு மாதிரியான பிரம்மாண்டமான இடங்களில் மேடையேறிப் பாடியிருக்கிறார்கள், முழு அரங்கமும் ஒரே நேரத்தில் நிறம் மாறும் வீடியோக்களைப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கும்.

புதிதாக வருபவர்கள் இந்த 'எனக்குப் பிடித்த ஒருவன்' என்ற விஷயத்தை அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம். ஐடல் உலகத்தில் உங்கள் மனதுக்குரிய அந்த ஒருவரை 'ஓஷி' என்பார்கள். போஸ்டரில் பார்த்தபோது பிடித்தவன் வேறாக இருப்பான், ஆறாவது எபிசோடில் வேறு ஒருவனின் பாட்டு உங்களைச் சாய்த்துவிடும். அது நடக்கட்டும் என்று விடுவதில்தான் இந்த வகையின் சுகமே இருக்கிறது. விறுவிறுப்பான தொடரில் அடுத்து என்ன நடக்கும் என்று ஓடுவோம். இங்கே முதல் எபிசோடின் தொடக்கத்திலேயே இவர்கள் ஒரு குழுவாக மேடையில் பாடுவதைக் காட்டிவிடுகிறார்கள், முடிவு தெரிந்துதான் கதைக்குள் போகிறோம். ஆகவே ஓட ஒன்றுமில்லை. ஒவ்வொருவரோடும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பதுதான் வேலை. ஒரே மூச்சில் பார்ப்பதைவிட ஒரு நாளைக்கு இரண்டு எபிசோடு என்று பார்த்து, அன்று வந்த பாட்டை மறுபடி கேட்டுவிட்டுப் படுப்பது நல்லது. எபிசோடு முடிவில் வரும் பாட்டைத் தாண்டவே தாண்டாதீர்கள்.

சரி, குறைகளே இல்லையா? இருக்கின்றன. ஹருகா ரொம்பவும் அடங்கிய பெண், பல காட்சிகளில் அவள் கண்ணை அகல விரித்து நிற்பதோடு சரி. விளையாடுகிறவர் தன்னைப் பொருத்திக்கொள்ள வசதியாக வெறுமையாக வைக்கப்பட்ட பாத்திரம் அது, அனிமேக்கு வரும்போது இன்னும் கொஞ்சம் சதை போட்டிருக்க வேண்டும். ஆனால் அவளுக்குக் குணமே இல்லை என்று சிலர் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். நுழைவுத் தேர்வுக்குத் தாமதமாக வருகிறாள், காரணம் வழி தவறிய ஒரு குழந்தைக்கு உதவியது. வகுப்பில் எல்லோர் முன்னாலும் பியானோவில் தடுமாறிக் கேலிக்கு ஆளாகிறாள், ஆனால் பள்ளியை விட்டு ஓடவில்லை, மறுபடி மறுபடி உட்கார்ந்து எழுதுகிறாள். அந்த ஆறு பேரும் அவளை விரும்புவது அவள் முகத்தைப் பார்த்து மட்டும் இல்லை, அவர்களுக்கு அவள் எழுதும் இசையைப் பார்த்து. ஒரு பெண்ணின் வேலைத் திறமைக்காக அவளை மதித்து, அந்த மதிப்பிலிருந்து காதல் வளர்வதாகக் காட்டும் தொடர்கள் எத்தனை இருக்கின்றன?

முடிவைப் பற்றி. தேர்வுக்கு ஒருவனோடு மட்டும்தான் ஜோடி சேர முடியும், ஆறு பேரும் அவளையே கேட்கிறார்கள். வழக்கமான காதல் கதை என்றால் இங்கே ஒருவன் ஜெயித்து ஐந்து பேர் அழ வேண்டும். ஹருகா அப்படிச் செய்யவில்லை, ஆறு குரலும் சேர்ந்து கேட்கும் ஒரே பாட்டை எழுதுகிறாள். அதிலிருந்து பிறப்பதுதான் ஸ்டாரிஷ் குழு. இதை 'தப்பித்தல்' என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் இசையமைப்பாளர், அவளுக்குத் தெரிந்த மொழியில் அவள் தந்த பதில் அது. தனித்தனியாக ஆறு பேரின் பாட்டையும் கேட்டுவிட்டு வந்த பிறகு, அந்தக் குரல்கள் ஒன்றுக்கொன்று வழிவிட்டு ஒரே மெட்டில் சேரும்போது, போட்டியாளர்களாக இருந்த ரென்னும் மசாத்தோவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடும்போது, இந்தத் தொடர் இத்தனை எபிசோடாக எதைக் கட்டிக்கொண்டு வந்தது என்பது தெளிவாகத் தெரியும். இடையிலேயே அந்தப் பாட்டைத் தனியாக யூடியூபில் தேடிக் கேட்டுவிடாதீர்கள்.

அடுத்த சீசன்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2013ல் இரண்டாவது, 2015ல் மூன்றாவது, 2016ல் நான்காவது, எல்லாமே 13 எபிசோடுகள். இரண்டாவதில் பூனையாக இருந்த செசில் ஏழாவது ஆளாகச் சேர்கிறான், குவார்டெட் நைட் என்ற நால்வர் குழு மூத்தவர்களாக வந்து இவர்களைப் படுத்தியெடுக்கிறது. ஹெவன்ஸ் என்ற எதிரணியும் வருகிறது. போகப்போக ஆட்கள் பெருகுகிறார்கள், ஆளுக்கொரு எபிசோடு என்று பங்கு போடுவதால் காதல் பின்னுக்குப் போய் நட்பும் போட்டியும் முன்னால் வந்துவிடுகின்றன. முதல் சீசனின் அந்த மெட்டும் வரியுமான நெருக்கம் அதற்குப் பிறகு அதே அளவில் இல்லை என்பது என் கருத்து. பாட்டுகளும் நடனமும் மட்டும் ஒவ்வொரு சீசனிலும் மெருகேறுகின்றன. பையன்களோடு ஒட்டிவிட்டீர்கள் என்றால் தொடருங்கள், இல்லையென்றால் முதல் சீசனோடு நிறுத்திக்கொண்டாலும் கதை நிறைவாகவே இருக்கும்.

இது பிடித்துப்போய் இதே வகையில் வேறு வேண்டும் என்றால், என்ன பிடித்தது என்பதைப் பொறுத்துத் தேர்ந்தெடுங்கள். உழைப்பும் தோழமையும் பிடித்திருந்தால் 'தி ஐடல்மாஸ்டர்', உதாப்ரியை எடுத்த அதே ஏ-1 பிக்சர்ஸ் அதே 2011 ஜூலையில் தொடங்கிய பெண் ஐடல்களின் தொடர், காதல் கிட்டத்தட்ட இல்லை, ஆனால் தோழிகளுக்குள் இருக்கும் பாசம் மனதை நிறைக்கும். ஆண் ஐடல் குழு ஒன்றின் ஏற்ற இறக்கங்களை இன்னும் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்றால் 2018ல் வந்த 'ஐடாலிஷ் செவன்'. மாயமும் குறும்பும் முதல் காதலும் கலந்த பழைய ருசி வேண்டும் என்றால் 1983ன் 'கிரீமி மாமி', பத்து வயதுப் பெண் மந்திரத்தால் பருவப் பெண்ணாகி ஐடல் ஆகிறாள், அவள் மனதுக்குப் பிடித்த சிறுவயதுத் தோழனோ அது அவள்தான் என்று தெரியாமல் அந்த ஐடலுக்கு ரசிகனாகிவிடுகிறான். அவளுக்குக் குரல் கொடுத்த ஓத்தா தகாக்கோவும் அந்தத் தொடர் மூலமாகவே நிஜத்தில் பாடகியாக அறிமுகமானவர். இந்தத் தொழிலின் இருண்ட பக்கம் தெரிய வேண்டும் என்றால் 2023ல் வந்த 'ஓஷி நோ கோ' இருக்கிறது, ஆனால் அதில் முதலில் இறங்காதீர்கள். ஐடல் என்றால் ஏன் இத்தனை பேர் மனதைக் கொடுக்கிறார்கள் என்று சந்தோஷமாகத் தெரிந்துகொண்ட பிறகு பார்த்தால்தான் அதில் வரும் அடி சரியான இடத்தில் விழும்.

2019ல் வந்த 'மாஜி லவ் கிங்டம்' திரைப்படத்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். கதை கிட்டத்தட்ட இல்லை, மூன்று குழுக்களையும் சேர்ந்த 18 பேரும் வரும் ஒரு முழுக் கச்சேரி, அவ்வளவுதான். ஜப்பானில் தியேட்டருக்குள் ஒளிக்குச்சியோடு போய்க் கத்திக் கொண்டாடத் தனிக் காட்சிகளே போட்டார்கள். ஆட்களைத் தெரியாமல் பார்த்தால் ஒரு மணி நேரம் வெறும் வெளிச்சமும் சத்தமுமாகப் போகும். தெரிந்த பிறகு, பிடித்தவர்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு, ஸ்பீக்கரை நன்றாக வைத்து, ஆளுக்கொரு நிறத்தைப் பிரித்துக்கொண்டு பாருங்கள், ஊதா எனக்கு.